புத்தக ஜப்பானியம் காதில் விழாதபோது

டோக்கியோவில் மொழிப்பள்ளியில் சேர்ந்து, சாயங்காலம் ஓர் உணவகச் சமையல்கட்டில் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது நான் பேசுவது எல்லோருக்கும் புரிந்தது. அவர்கள் பேசுவதுதான் எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. வகுப்பில் ஆசிரியை பேசினால் ஒரு சொல் தப்பாது. அதே மொழியை ஒரு கல்லூரிப் பையன் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினால் வேறு நாட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். மனசு விட்டுப்போகிற கட்டம் அது. இடைவேளையில் எல்லோரும் சிரிக்க, எதற்கென்றே தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பதைப் போலச் சோர்வான வேலை வேறு கிடையாது. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை தேறிவிட்டுப் போகிறவர்கள் பலருக்கும் இதே கதிதான். போவதற்கு முன்னால் ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும் என்று தோன்றுவதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் பல வகுப்புகளில் ஓடுவது 'மின்னா நோ நிஹோங்கோ' என்ற பாடப்புத்தகம். அதன் முதல் தொகுதியில் 25 பாடங்கள். முதல் பாடத்திலிருந்தே எல்லாம் டெஸ், மஸ் என்று மரியாதையாக முடியும். வினைச்சொல்லின் தே வடிவம் 14-ஆம் பாடத்தில், நை வடிவம் 17-இல், அகராதி வடிவம் 18-இல், தா வடிவம் 19-இல் வருகின்றன. நண்பர்களுக்குள் பேசும் சாதாரண நடை 20-ஆம் பாடத்தில்தான் தலைகாட்டுகிறது. புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேசப்போகிற வெளிநாட்டவருக்கு டெஸ்-மஸ் தான் பத்திரம். ஆனால் நாம் பேசுவதற்கு எது பத்திரமோ, அதைத்தான் எதிராளியும் நம்மிடம் பேசுவார் என்று எண்ணிக்கொள்கிறோம். அங்கேதான் இடிக்கிறது. (ஒலிக்குறிப்பு: இங்கே த என்று எழுதினால் 'தம்பி'யின் த. ட என்று எழுதினால் 'டெல்லி'யின் ட. க, ப இரண்டையும் காதால் சரிபார்த்துக்கொள்ளுங்கள், தமிழ் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது.)

இனி முக்கியமான விஷயம். சாதாரண நடை என்று ஒரே பெயரில் சொல்லப்படுவதில் இரண்டு தனித்தனிச் சமாசாரங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று சொல்லைச் சுருக்குவது. இன்னொன்று மரியாதை விகுதியை எடுத்துவிடுவது. தமிழில் இது நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'சாப்பிட்டுவிட்டேன்' சுருங்கி 'சாப்பிட்டுட்டேன்' ஆகிறது. ஆனால் 'சாப்பிட்டுட்டேங்க' என்றால் சுருக்கமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. ஜப்பானியத்திலும் இதே கணக்கு. தபெதெ ஷிமைமஷிதா என்பது முழுசு, மரியாதை. தபெச்சைமஷிதா என்பது சுருக்கம், ஆனால் மரியாதை குறையவில்லை. தபெதெ ஷிமத்தா என்பது முழுசு, மரியாதை விகுதி இல்லை. நாட்குறிப்பிலும் கதையிலும் இப்படி எழுதுவார்கள். தபெச்சத்தா என்பதில் இரண்டுமே போய்விட்டன, நண்பர்களிடம் மட்டும். விகுதி இல்லாத வடிவமே மரியாதைக்குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஜப்பானியச் செய்தித்தாளில் செய்திகள் டெஸ்-மஸ் இல்லாமல்தான் அச்சாகின்றன. முகம் பார்த்துப் பேசும்போதுதான் அது நெருக்கமாகவோ துடுக்காகவோ ஆகிறது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வேலையிடத்தில் மேலாளர் "அது என்ன ஆச்சு?" என்று கேட்டால் 'இமா யத்தெமஸ்' (இப்போது செய்துகொண்டிருக்கிறேன்) என்று தாராளமாகச் சொல்லலாம். யத்தெ இமஸ் என்பதன் சுருக்கம் அது, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'இமா யத்தெரு' என்றால் முகம் மாறும். 'கத்தெ ஒகிமஸ்' என்பதை 'கத்தொகிமஸ்' என்று சொல்வது நாம் 'வாங்கி வெச்சிடறேங்க' என்பதற்குச் சமம். வேலை நேர்காணலில் மட்டும் ஷிமவுவைச் சுருக்கிய வடிவம் வேண்டாம், பின்னால் மஸ் போட்டாலும் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாக ஒலிக்கும்.

சுருங்குவதும் கண்டபடி சுருங்குவதில்லை. தமிழில் விடு, வை, இரு என்று துணைவினையாக வரும் சொற்கள் தேய்கிற மாதிரியே அங்கே ஷிமவு, ஒகு, இரு தேய்கின்றன. இரண்டு மொழியிலும் வேலையும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஷிமவு நம் விடு, ஒகு நம் வை, இரு நம் கொண்டிரு. தமிழ் பேசுகிறவர்களுக்கு இது பெரிய சலுகை, வகுப்பில் யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. காதில் விழுந்த சுருக்கத்தை அகராதியில் தேடினால் கிடைக்காது. தொகு என்று தேடினால் 'அவிழ்', 'லாபம்' என்று சம்பந்தமில்லாமல் வந்து நிற்கும். முதலில் விரித்துவிட்டுத் தேட வேண்டும். ச்சவு, ச்சத்தா என்று கேட்டால் தெ ஷிமவு, தெ ஷிமத்தா. ஜவு, ஜத்தா என்று கேட்டால் டெ ஷிமவு: நொன்ஜத்தா என்றால் நொன்டெ ஷிமத்தா, குடித்துவிட்டேன். தொகு என்றால் தெ ஒகு, டொகு என்றால் டெ ஒகு. வினைக்குப் பின்னால் தெரு, தெதா என்றால் தெ இரு, தெ இதா. நக்யா, நகுச்சா இரண்டும் நகெரெபா நரிமஸென் வகையறா, அதாவது 'செய்தாக வேண்டும்'. இவை ஐந்தும் காதில் ஏறிவிட்டால் சமையல்கட்டுப் பேச்சில் பெரும்பகுதி விரிந்துகொடுக்கும்.

இன்னொரு விதி தனியாகக் கவனிக்க வேண்டியது. ர வரிசை எழுத்துக்குப் பின்னால் ன வந்தால் அந்த ர கரைந்து ன் ஆகிவிடும். வகரனை என்பது வகன்னை, ட்ஸுமரனை என்பது ட்ஸுமன்னை, நனி ஷிதெரு னோ என்பது நனி ஷிதென்னோ. 'யத்தெ குரெனை?' (செய்து தருகிறாயா?) என்று புத்தகம் சொல்லும் கோரிக்கை, வாயில் 'யத்தெ குன்னை?' என்று வரும். ஓடும் பேச்சில் இரட்டை ன் கேட்டால் உள்ளே ஒரு ர ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். தனிச் சொற்களும் இப்படித்தான்: அததகை அத்தகை ஆகும், கெரெடொமோ கெடோ ஆகும், டெவா ஜா ஆகும். யஹரி முதலில் யப்பரி ஆகி, பிறகு யப்பா ஆகிவிடும். பக்கத்து மேசையில் யாரோ 'யப்பா' என்று பெருமூச்சு விடுவது போலக் கேட்டால் நம் ஊர்க்காரர் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம், 'நினைத்தபடிதான்' என்கிறார்.

காசும் நேரமும் போகும் இடம் எதுவென்றால், எதிர்மறை போலக் கேட்டு எதிர்மறையாக இல்லாதவை. மாணவர் விசாவில் அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதில் ஒரு ஷிப்ட் கோளாறானால் மாதச் செலவில் துண்டு விழும். 'அஷிதா கொனகுதெ ஈ யோ' என்றால் நாளைக்கு வர வேண்டியதில்லை. 'அஷிதா கொனக்யா', 'அஷிதா கொனகுச்சா' என்றால் நாளைக்கு வந்தே ஆக வேண்டும். 'அஷிதா கொனை தோ' என்று பாதியில் நிறுத்தினாலும் வந்தே ஆக வேண்டும் என்றுதான் பொருள், 'வராவிட்டால்' என்று ஆரம்பித்து மீதியை விழுங்கிவிட்டார்கள். எக்ஸாஸ்ட் மின்விசிறி இரைச்சலில் நான்கும் ஒரே மாதிரிதான் கேட்கும். தப்பாகக் கேட்டால் ஒன்று ரயில் காசும் அரை நாளும் வீண், இல்லையென்றால் வராமல் போன ஆள் என்ற பெயர். கொனகு என்பதற்குப் பிறகு 'தெ ஈ' வருகிறதா என்பதை மட்டும் பிடியுங்கள். சந்தேகம் இருந்தால் கேள்வியை டெஸ்-மஸ்ஸில் திருப்பிப் போடுங்கள்: 'அஷிதா வா யஸுமி டெஸ் நே?' நாளைக்கு எனக்கு லீவுதானே? அதற்கு வரும் பதில் குழப்பாது. இதைக் கேட்க வெட்கப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

அதே குடும்பத்தில் இன்னும் சில. 'ஈன் ஜனை?' என்று குரலை உயர்த்தினால் 'நல்லாத்தானே இருக்கு' என்ற சம்மதம். நை என்ற ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு மறுப்பு என்று எடுத்தால் கதை கந்தல். 'யொகுனை' என்று குரல் கீழே இறங்கினால் நன்றாக இல்லை, மேலே ஏறினால் 'சூப்பரா இல்லே?'. உன் என்றால் ஆமாம், உவுன் என்று இழுத்து நடுவில் இறக்கி ஏற்றினால் இல்லை. நம்முடைய 'ம்ம்', 'ம்ஹும்' மாதிரிதான், ஆனால் அந்த ஹ கிடையாது, ஏற்ற இறக்கம் மட்டுமே. இளவட்டங்கள் நை என்பதை நே என்று நீட்டுவார்கள்: ஷிரனை, ஷிரனே ஆகும். வாக்கிய முடிவில் வரும் 'இல்லையா' என்ற நெ-யோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸுகொய் ஸுகே ஆவதும், வலிக்கிறது என்ற 'இதை' 'இதே' ஆவதும் இந்த வகைதான். ஆண்கள் பேச்சு, கரடு. கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், நாம் சொல்ல வேண்டியதில்லை.

நாமே நண்பர்களிடம் சாதாரண நடையில் பேச ஆரம்பிக்கும்போது டெஸ்-மஸ்ஸை இயந்திரம் போல மாற்றினால் தப்பும். 'தபெமஸ்கா' என்பதை 'தபெருகா' என்று மாற்றினால் அதட்டுவது போல இருக்கும். கா-வை விட்டுவிட்டு 'தபெரு?' என்று குரலை உயர்த்தினால் போதும். 'கெங்கி டெஸ்கா' என்பது 'கெங்கி டா?' ஆகாது, வெறும் 'கெங்கி?' தான். இ-வகைப் பெயரடைக்குப் பின் டா ஒட்டாது: ஒயிஷீ டா யோ தவறு, ஒயிஷீ யோ சரி. அதே டா, கிரெய் போன்ற னா-வகைப் பெயரடைக்குப் பின்னால் வேண்டும்: கிரெய் டா யோ. வேற்றுமை உருபுகளில் வா, கா, ஒ ஆகியவற்றைத் தாராளமாக விடலாம், கரா (இருந்து), மடெ (வரை) இரண்டையும் விட்டால் பொருளே போய்விடும்.

யாரிடம் பேசலாம் என்பதில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: இது ஒருவழிப் பாதை. ஒரு வருடம் முன்னால் சேர்ந்த ஸென்பை (மூத்தவர்) உங்களிடம் சாதாரணமாகப் பேசுவார், நீங்கள் டெஸ்-மஸ்ஸிலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் உங்களைவிட வயதில் சின்னவராக இருந்தால்கூட வேலையிடத்தில் இதுதான் நடக்கும், நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் உறுத்தும். அவராகவே 'தமெகுச்சி டெ ஈ யோ' (சாதாரணமாகவே பேசலாம்) என்று சொன்ன பிறகு மாறலாம், அப்போதும் மெதுவாக. விளையாட்டுக் குழுக்களிலும் கட்டட வேலையிலும் பையன்கள் டெஸ்ஸை ஸ்ஸு என்று தேய்த்து 'ஸோஸ்ஸு நே', 'ஒட்ஸுகரெஸ்ஸு' என்பார்கள். அது பாதி மரியாதை. கூட வேலை பார்க்கும் ஸென்பையிடம் ஓடும், கடை முதலாளியிடம் ஓடாது. 'நீ' என்பதற்கு அனிமேயில் கற்ற ஒமயே, தெமே, கிஸமா எல்லாவற்றையும் விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். 'நீங்கள்' என்ற அனதா-கூட வேண்டாம், பெயரோடு ஸன் சேர்த்தால் முடிந்தது.

மேல்நோக்கிய படி ஒன்று இருக்கிறது, அதை அநேகர் கவனிப்பதில்லை. நாம் புத்தகத்தில் படித்த சாதாரணச் சொல்லே தொலைபேசியிலும் வங்கியிலும் வேறு உடை போட்டுக்கொண்டு வரும். க்யோ (இன்று) அங்கே ஹொன்ஜிட்ஸு ஆகும், கினோ (நேற்று) ஸகுஜிட்ஸு ஆகும், அஷிதா (நாளை) ம்யோனிச்சி ஆகும். ஸக்கி (சற்று முன்) ஸகிஹொடோ, அதொடெ (பிறகு) நொச்சிஹொடோ, ச்சொத்தோ (கொஞ்சம்) ஷோஷோ, டோ (எப்படி) என்பது இககா. வினையை மஸ் போட்டு மரியாதையாக்கிவிட்டு 'ஸக்கி டென்வா ஷிமஷிதா' (சற்று முன் ஃபோன் செய்தேன்) என்றால் தப்பில்லை, ஆனால் பட்டுவேட்டிக்குக் கீழே ரப்பர் செருப்பு மாதிரி நிற்கும். வாடிக்கையாளரோ மேலாளரோ சொன்ன வேலைக்கு 'ர்யோகை' (சரி, புரிந்தது) என்று பதில் போடாமல் 'ஷோச்சி ஷிமஷிதா' அல்லது 'கஷிகொமரிமஷிதா' சொல்லிப் பழகுங்கள். வேலை முடிந்ததும் மூத்தவரிடம் 'கொகுரோஸமா' (நன்றாக உழைத்தீர்கள்) சொல்லக் கூடாது, அது மேலிருந்து கீழே சொல்வது. 'ஒட்ஸுகரெஸமா டெஸ்' எல்லாத் திசைக்கும் பொருந்தும். கிடங்கில் பெட்டி தூக்குகிறவருக்கு இதெல்லாம் அவ்வளவாகத் தேவைப்படாது. கல்லாவில் நிற்கிறவருக்கும் தொலைபேசி எடுக்கிறவருக்கும் முதல் நாளே தேவைப்படும்.

கடைகளில் வேறு தொல்லை. முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. கொம்பினி (தெருமுனைப் பல்பொருள் கடை), ஸுமஹோ (ஸ்மார்ட்ஃபோன்), பஸொகொன் (கணினி) எல்லாருக்கும் தெரியும். ஜிடோஹன்பைகி என்று நாக்கு சுளுக்கப் படித்த விற்பனை இயந்திரம் தெருவில் வெறும் ஜிஹன்கி, பகுதிநேர வேலையான அருபைட்டோ வெறும் பைட்டோ. மெக்டொனால்ட்ஸ் டோக்கியோவில் மக்கு, ஒஸாகாவில் மகுடோ. எது நமக்குச் சிரிப்பு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொம்பினியில் கேட்கும் கேள்விகள் எண்ணி நான்கைந்துதான்: சூடாக்கவா, பை வேண்டுமா, குச்சி வேண்டுமா, பாயின்ட் அட்டை இருக்கிறதா. பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் 2020 ஜூலை 1 முதல் கட்டாயமானதால் 'ஃபுகுரோ' என்ற சொல் நிச்சயம் வரும். 'டைஜோபு டெஸ்' என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் 'ஒனெகை ஷிமஸ்' என்று சொல்லுங்கள்.

ஒஸாகா பக்கம் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கே ச்சவு தனியாக வந்தால் 'அது இல்லை, வேறே' என்று பொருள், ச்சிகவு என்பதன் தேய்வு அது. வினையோடு ஒட்டி வந்தால்தான் நாம் மேலே பார்த்த 'விட்டேன்'. அகன் என்றால் கூடாது, ஹொன்மா என்றால் நிஜமா. மீதியை அங்கே இருந்தே பொறுக்கிக்கொள்ளலாம்.

இதைத் தள்ளிப்போட்டால் ஆகும் செலவைச் சொல்லிவிடுகிறேன். ஜேஎல்பிடி என்3-இல் மொத்தம் 180-க்கு 95 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் மூன்று பகுதியிலும் தனித்தனியாக 60-க்குக் குறைந்தது 19 எடுக்க வேண்டும். கான்ஜி எழுத்துகளிலும் இலக்கணத்திலும் புலியாக இருந்து, கேட்டல் பகுதியில் 18 எடுத்தால் மொத்தமும் போச்சு. மாணவர்களுக்குள், வீட்டுக்குள் நடக்கும் உரையாடல்கள் அதில் சாதாரண நடையில் வரும். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் மட்டும்தான். கட்டணமும் போய், அடுத்த ஆறு மாதம் காத்திருப்பும். பயிற்சிக்கு எளிய ஜப்பானியச் செய்திகள் உதவாது, அவை டெஸ்-மஸ்தான். நாடகத்தில் இரண்டு பேர் பேசும் அரை நிமிடத்தை எடுத்து, வசனம் பார்க்காமல் காதில் விழுந்ததை ஹிரகானாவில் எழுதி, ஒவ்வொரு சுருக்கத்தையும் முழு வடிவத்துக்கு விரித்து, கடைசியில் அதையே மஸ் போட்டு மரியாதையாக்கிச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள், வாய்க்கு வேண்டியது அதுதான். திரையில் ஓடும் எழுத்தை முழுசாக நம்ப வேண்டாம். தொலைக்காட்சியில் ஒருவர் 'மிரெரு' (பார்க்க முடியும்) என்று சொல்வார், கீழே எழுத்தில் 'மிரரெரு' என்று திருத்திப் போட்டிருப்பார்கள். பேச்சில் அந்த ரா எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஜப்பானியக் கலாசார முகமையின் 2015-ஆம் நிதியாண்டுக் கணக்கெடுப்பிலேயே 'மிரெதா' என்பவர்கள் 48.4 சதவீதம், 'மிரரெதா' என்பவர்கள் 44.6 சதவீதம். ஆனாலும் தேர்விலும் விண்ணப்பத்திலும் ரா இருந்தே ஆக வேண்டும்.

எதைப் பிறகு படித்தாலும், கத்திச் சொல்லும் வடிவங்களை முதலிலேயே படித்துவிடுங்கள். புத்தகத்தில் கட்டளை வடிவம் 33-ஆம் பாடத்தில், இரண்டாம் தொகுதியில் வருகிறது. ஆபத்து அதுவரை காத்திருக்காது. 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ நிலநடுக்கத்தின்போது ஜப்பானியத் தொலைக்காட்சியான என்ஹெச்கேயின் செய்தி வாசிப்பாளர் குடஸை (தயவுசெய்து) எல்லாம் போடாமல் 'இமா ஸுகு நிகெரு கொதோ' என்று குரலை உயர்த்திச் சொன்னார்: இப்போதே தப்பி ஓடுங்கள். அகராதி வடிவத்தோடு கொதோ சேர்ந்தால் கண்டிப்பான கட்டளை. நிகெதெ, நிகெரோ இரண்டும் ஓடு. நிகெரு னா என்றால் ஓடாதே. இங்கேதான் மிக நுணுக்கமான ஒரு பொறி இருக்கிறது: தபெனா என்றால் சாப்பிடு, தபெனஸை தேய்ந்தது, தபெரு னா என்றால் சாப்பிடாதே. நடுவில் ஒரு ரு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ரு-வும் ன் ஆகக் கரையும். 'ஸவரு னா', தொடாதே என்பது, அவசரத்தில் 'ஸவன்னா!' என்று வரும். சமையல்கட்டிலும் தொழிற்சாலையிலும் தொமரெ என்றால் நில், டொகெ அல்லது டொய்தெ என்றால் விலகு, உகொகு னா என்றால் அசையாதே, அபுனே என்றால் அபாயம். கொதிக்கிற எண்ணெயைத் தூக்கிக்கொண்டு இன்னொருவருக்குப் பின்னால் போகும்போது நீங்கள் சொல்ல வேண்டியது 'உஷிரோ தோரிமஸ்', பின்னால் போகிறேன். அதற்கு மட்டும் மஸ் போட நேரம் இருக்கும்.